செகிரோவில் திறன் புள்ளிகள்: சேர்க்கும் வழியும் செலவிடும் ஒழுங்கும்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பழைய அலுவலகக் கணினிகளை வாங்கி, அவற்றில் ஒரு கிராபிக்ஸ் காட்டைப் பூட்டி விளையாடும் இளையோருக்கு ‘செகிரோ: ஷடோஸ் டை ட்வைஸ்’ நன்றாகப் பொருந்தும் விளையாட்டு. ஃப்ரொம்சொஃப்ட்வெயார் நிறுவனம் உருவாக்க, 2019 மார்ச் 22 அன்று வெளிவந்த இந்த விளையாட்டை ஹிடெடாகா மியாசாகி இயக்கினார். இன்டெல் ஐ3-2100 செயலி, 4 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 760 காட், 25 ஜிபி இடம் ஆகியவை இருந்தால் இது ஓடும் என்பதும், ஒருவர் தனியாக விளையாடுவது என்பதால் இணைய இணைப்பின் வேகம் இங்கே பெரிய தடையாக வராது என்பதும் நம் பக்கத்து நிலைமைக்கு வாய்ப்பானவை. ஆனால் இதன் பட்டியல்களும் விளக்கங்களும் தமிழில் இல்லை. அதனால் பலர் சண்டையை மட்டும் பழகிவிட்டு, திறன் புள்ளிகளைக் கண்ணில் பட்ட முதல் திறனில் போட்டுவிடுகிறார்கள். ஒருமுறை செலவிட்ட புள்ளியை இந்த விளையாட்டில் திரும்பப் பெறவே முடியாது. ஆகவே புள்ளி எவ்வாறு சேர்கிறது, எப்போது குறைகிறது, எதை முதலில் வாங்க வேண்டும் என்பவற்றைத் தெளிவாக அறிந்துகொண்டு விளையாடுவது அவசியம்.

எதிரி ஒருவரை வீழ்த்தும்போது உங்களுக்கு அனுபவம் சேர்கிறது. அந்த அனுபவம் ஒரு பட்டையை நிரப்புகிறது. பட்டை முழுவதும் நிரம்பியதும் ஒரு திறன் புள்ளி உங்கள் கணக்கில் விழுந்துவிட, பட்டை மீண்டும் வெறுமையிலிருந்து தொடங்குகிறது. அடுத்தடுத்த புள்ளிகளுக்குத் தேவைப்படும் அனுபவம் கூடிக்கொண்டே போவதால், தொடக்கத்தில் விரைவாகக் கிடைத்த புள்ளி பிற்பகுதியில் நெடுநேர உழைப்பைக் கேட்கும். முதல் புள்ளி கிடைத்ததும் பாழடைந்த கோயிலில் இருக்கும் சிற்பியிடம் சென்று பேசினால் அவர் ஷினோபி (நிஞ்சா) திறன்கள் அடங்கிய ஷினோபிச் சுவடியைத் தருவார். சுவடி கையில் இல்லாவிட்டால் அதிலுள்ள திறன்களை வாங்க முடியாது. புள்ளி வந்தும் எதுவும் வாங்க முடியவில்லை என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இந்தப் பேச்சை விட்டுவிட்டவர்கள்தான்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விதி. நீங்கள் இறந்து, மீண்டெழும் வாய்ப்பைப் பயன்படுத்தாமல் அல்லது அதுவும் தீர்ந்துபோய், இளைப்பாறும் இடமான சிற்பியின் சிலைக்குத் திரும்பும்போது, கையிலுள்ள சென் என்ற விளையாட்டுக் காசில் பாதியும், நிரம்பாமல் நிற்கும் பட்டையிலுள்ள அனுபவத்தில் பாதியும் போய்விடும். இதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் விளையாட்டில் இறந்த இடத்துக்குச் சென்று இழந்ததை எடுத்துக்கொள்ளலாம். செகிரோவில் அந்த வழி கிடையாது, போனது போனதுதான். ஆனால் முழுமையாகி விழுந்துவிட்ட புள்ளியை எந்தச் சாவும் தொடாது. சாக்கில் கட்டி வீட்டுக்குள் ஏற்றிய நெல்லுக்கு மழையால் பயமில்லை, களத்தில் பரவிக் கிடக்கும் நெல்லுக்குத்தான் பயம் என்பது காலபோக அறுவடை பார்த்த எவருக்கும் தெரியும். நிரம்பிய புள்ளிக்கும் நிரம்பாத பட்டைக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். புள்ளிகளைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் இறக்கும்போது போய்விடும் என்று அஞ்சி, அவசரப்பட்டு வேண்டாத திறனை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு இடமே இல்லை. பத்துப் புள்ளிகள் சேர்ந்து கிடந்தாலும் அவை அப்படியே இருக்கும்.

இந்த விதியிலிருந்து ஒரு நடைமுறை ஒழுங்கு தானாகவே பிறக்கிறது. பட்டை ஏறத்தாழ வெறுமையாக இருக்கும்போது இறந்தால் இழப்பு அற்பம். முக்கால்வாசி நிரம்பியிருக்கும்போது இறந்தால் இழப்புக் கடுமை. எனவே ‘பொஸ்’ எனப்படும் பெரிய எதிரித் தலைவர் ஒருவருடன் மோதப் போகிறீர்கள் என்றால், முதலில் மெனுவைத் திறந்து பட்டை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் திரும்பிச் சென்று, பழகிய இடத்தில் எளிய எதிரிகளை வீழ்த்திப் புள்ளியை முழுமையாக்கிவிட்டு வாருங்கள். அதன்பின் தலைவரிடம் எத்தனை தடவை தோற்றாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஏனெனில், வெறும் பட்டையில் பாதி என்பதும் வெறுமைதான்.

மாலையில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோதான் கணினி கையில் கிடைக்கும், தம்பி தங்கையின் இணையவழிப் பாடத்துக்கு அதை விட்டுக்கொடுக்க வேண்டும், மாரி காலத்தில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்ற சூழலில் விளையாடுபவர்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் கூடுதலாகப் பயன்படும். அன்றைய விளையாட்டை ஒரு புள்ளி முழுமையானதும் நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது அருகிலுள்ள சிற்பியின் சிலையில் அமர்ந்து இளைப்பாறி, மெனு வழியாக முறைப்படி வெளியேறுங்கள். விளையாட்டு தானாகவே சேமித்துக்கொண்டுதான் இருக்கும். ஆயினும் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் சேமிப்புக் கோப்பு பழுதாகக்கூடும். விண்டோஸ் கணினியில் ஆப்டேட்டா கோப்புறைக்குள், ரோமிங் என்பதன் கீழ், செகிரோ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அதை அப்படியே ஒரு யூஎஸ்பியில் பிரதி எடுத்து வைத்தால், நீங்கள் உழைத்துச் சேர்த்த புள்ளிகள் ஒரு மின்வெட்டில் அழிந்துபோக மாட்டா. யூபிஎஸ் வாங்க வசதியுள்ளவர்கள் வாங்குவது நல்லது. வசதி இல்லாதவர்கள் இந்தப் பிரதியை எடுக்காமல் இருக்கவே கூடாது.

புள்ளியைச் சேர்க்கும் இடங்களைப் பற்றிப் பலரும் நீண்ட பட்டியல்களைக் கேட்கிறார்கள். இடத்தைவிட, இடத்தைத் தெரிவு செய்யும் முறையை அறிந்துகொள்வதே நிலையான பயன் தரும் என்பது என் கருத்து. சிலையில் இளைப்பாறினால் உங்கள் உயிர்ப்பட்டையும் மருந்துச் சுரைக்குடுவையும் நிரம்பும். அதேவேளை வீழ்ந்த சாதாரண எதிரிகளும் மீண்டும் எழுந்து தத்தம் இடங்களில் நிற்பார்கள். தலைவர்களும் துணைத்தலைவர்களும் மட்டும் மீண்டும் வர மாட்டார்கள். ஆகவே சிலைக்கு மிக அருகில், முதுகைக் காட்டியபடியோ தனித்தனியாகவோ நிற்கும் எதிரிகள் மூன்று நான்கு பேர் உள்ள இடமே சிறந்த இடம். எதிரியை நேருக்கு நேர் அரை நிமிடம் மோதி வீழ்த்தினாலும், பின்னால் பதுங்கிச் சென்று ஒரே வெட்டில் வீழ்த்தினாலும் கிடைக்கும் அனுபவம் ஒன்றுதான். அப்படியிருக்க, பதுங்கிச் செல்வதே நேரத்துக்கும் உயிருக்கும் நல்லது.

அஷினாக் கோட்டையின் ‘பழைய கல்லறை’ச் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கயிற்றுக்கொக்கியால் கூரைகளுக்குத் தாவினால், ஓட்டுக்கூரைகளின் மேல் நைட்ஜார் எனப்படும் ஒற்றர்கள் நிற்பதைக் காண்பீர்கள். அவர்கள் விழித்துக்கொண்டால் வேகமாகவும் இரட்டையாகவும் தாக்குவார்கள். ஆனால் கூரை விளிம்பில் குனிந்தபடி நகர்ந்து, ஒருவரது முதுகுக்குப் பின்னால் நெருங்கும்போது அவர்மீது சிவப்புப் புள்ளி ஒளிரும். அந்தக் கணத்தில் தாக்குதல் பொத்தானை அழுத்தினால் அவர் சத்தமின்றிச் சாய்வார். சுற்றிலும் பார்த்து மற்றவரும் தனித்து நிற்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு, அவரையும் அப்படியே வீழ்த்திவிட்டுச் சிலைக்குத் திரும்பி இளைப்பாறுங்கள். யாராவது உங்களைக் கண்டுவிட்டால் வீரம் காட்டி நின்று மோத வேண்டாம். எட்டிச் சென்று மறைந்துவிட்டால் சற்று நேரத்தில் அவர்கள் தேடுவதை விட்டுவிடுவார்கள். இந்தச் சுற்றைக் கை பழகும்வரை செய்தால், பதுங்கிச் செல்லும் வழக்கமும் சேர்ந்தே வளரும். அதற்குப் பின்னர் வரும் பகுதிகளில் எதிரிகள் கூடுதல் அனுபவம் தருவதால், முதல் பகுதியிலேயே பல நாட்கள் தங்கி அரைத்துக்கொண்டிருப்பது வீண். முன்னேற முடிந்த அளவு முன்னேறி, பின்னர் அங்கே ஒரு சுற்றைத் தெரிவு செய்யுங்கள்.

செலவிடுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன், திறன் புள்ளியால் எவை உயர மாட்டா என்பதையும் சொல்ல வேண்டும். உயிரும் பொஸ்ச்சர் எனப்படும் நிதானமும் செபமணிகளால் உயர்கின்றன. நான்கு மணிகள் சேர்ந்தால் ஒரு படி. அவை துணைத்தலைவர்களை வீழ்த்தும்போதும் சில மறைவிடங்களிலும் கிடைக்கும். தாக்குதல் வலிமை, பெருந்தலைவர்களை வீழ்த்தும்போது கிடைக்கும் நினைவுகளால் உயர்கிறது. இவற்றுக்கும் புள்ளிகளுக்கும் தொடர்பில்லை. ஆகையால் ‘நான் பலவீனமாக இருக்கிறேன், புள்ளி சேர்த்தால் பலமாகிவிடுவேன்’ என்ற எண்ணத்தில் மணிக்கணக்காக எளிய எதிரிகளை வெட்டிக்கொண்டிருப்பவர், துணைத்தலைவர்களைத் தேடிச் செல்வதே முறை. புள்ளி உங்கள் கையில் புதிய வித்தையை வைக்குமே தவிர உடம்பைத் தடிப்பாக்காது.

திறன்கள் இருவகை. ஒருவகை, வாங்கிய கணம் முதல் எப்போதும் தானாகவே வேலை செய்பவை. மற்றவகை, கொம்பற் ஆர்ட் எனப்படும் சிறப்பு வெட்டுகள். இவற்றில் எத்தனை வாங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பூட்டிக்கொள்ளலாம். தொடக்கத்தில் புள்ளி அரிதாக இருக்கும்போது மூன்று சிறப்பு வெட்டுகளை வாங்கி, இரண்டைச் சும்மா வைத்திருப்பதில் என்ன பயன்? பார்ப்பதற்கு அழகான சுழல் வெட்டு முதல் பக்கத்திலேயே குறைந்த விலைக்கு நிற்பதால் பலரும் அதையே முதலில் வாங்குகிறார்கள். அது கூட்டத்தைக் கலைக்க உதவும் என்பது உண்மை. ஆனாலும் என் முதல் புள்ளிகள் அங்கே போகமாட்டா.

முதலில் வாங்க வேண்டியது மிகிரி கவுண்டர். இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. எதிரி தடுக்க முடியாத தாக்குதலுக்குத் தயாராகும்போது உங்கள் தலைக்குமேல் செந்நிறச் சீன எழுத்தொன்று மின்னி, ஒரு ஒலியும் எழும். அந்த எழுத்து மூன்று வகைத் தாக்குதலுக்கும் பொதுவானது. கத்தியோ ஈட்டியோ நேராக உங்கள் மார்பை நோக்கி வந்தால் அது குத்து. தாழ்ந்து காலை நோக்கிச் சுழன்றால் அது வீச்சு. வெறுங்கை நீண்டால் அது பிடி. வீச்சுக்குக் குதிக்க வேண்டும், பிடிக்கு விலகி ஓட வேண்டும். குத்து வரும்போது மிகிரி உங்களிடம் இருந்தால், பின்வாங்காமல், விலகும் பொத்தானை எதிரியை நோக்கியபடி அழுத்துங்கள். உங்கள் வீரன் முன்னே கால் வைத்து, வரும் ஆயுதத்தை மண்ணோடு மிதித்து நிற்பான். நிதான இழப்பைக் காட்டும் எதிரியின் நிதானக் கோடு ஒரே அடியில் பெருமளவு ஏறிவிடும். அந்தக் கோடு நிரம்பினால், எதிரிக்கு எவ்வளவு உயிர் மிஞ்சியிருந்தாலும் இறுதி வெட்டுப் போடலாம் என்பதால், ஈட்டிக்காரர்களிடமும் அஷினாக் கோட்டையில் எதிர்ப்படும் தலைவரான கெனிச்சிரோவிடமும் இந்த ஒரு திறன் சண்டையையே மாற்றிவிடும்.

வாங்கியவுடன் தலைவரிடம் ஓடிப் பரிசோதிக்க வேண்டாம். பாழடைந்த கோயிலின் வெளியே ஹன்பெய் என்ற சாகாவரம் பெற்றவர் நிற்கிறார். நீங்கள் கேட்டால் அவர் உங்களுடன் பயிற்சி செய்வார். மிகிரியை வாங்கியபின் அவரிடம் குத்தை எதிர்கொள்ளும் பயிற்சியும் கிடைக்கும். செந்நிற எழுத்தைக் கண்டவுடன் பொத்தானை அழுத்துவது பலருக்கு வரும் பழக்கம். அது சற்று முந்திவிடும். எழுத்தைப் பார்த்தபின் கண்ணை ஆயுதத்தின் நுனிக்கு மாற்றி, அது முன்னே பாயும் கணத்தில் அழுத்துங்கள். கையும் கண்ணும் சேரும்வரை ஹன்பெய்யிடமே நின்று பழகினால் பின்னர் நிறையச் சாவுகள் மிச்சமாகும். சாவு மிச்சமானால் பட்டையும் மிச்சமாகும்.

அடுத்த புள்ளிகளைச் சேர்த்து, இறுதி வெட்டுப் போடும் ஒவ்வொரு முறையும் உயிர் சற்று மீளும் ‘பிரெத் ஒஃப் லைஃப்: லைட்’ திறனை நோக்கிச் செல்லுங்கள். இது எப்போதும் வேலை செய்யும் வகை. பலர் நிற்கும் இடங்களில் ஒவ்வொருவராக வீழ்த்திச் செல்லும்போது சுரைக்குடுவையின் மருந்தைத் தொடாமலே முன்னேற இது உதவும். புள்ளி சேர்க்கும் சுற்றுகளையும் இது நீட்டித் தரும். அதே சுவடியில் வானில் இருக்கும்போது தாக்குதலைத் தட்டிவிடும் திறனும் உண்டு; அதையும் வழியில் எடுத்துக்கொள்ளலாம். மருந்தின் ஆற்றலைக் கூட்டும் எம்மாவின் மருத்துவத் திறன்கள் எந்தச் சுவடியில் எதிர்ப்பட்டாலும் வாங்கத் தகுந்தவை. மிகிரியை நன்றாகப் பழகியவர்களுக்கு, அதன் தாக்கத்தை மேலும் கூட்டும் ‘ஷினோபி ஐஸ்’ நல்ல முதலீடு.

குதிரைமேல் வரும் கியோபு ஒனிவாவை வென்று கோட்டையை நோக்கிச் செல்லும் வழியில், தெங்கு முகமூடி அணிந்த முதியவர் ஒருவரைச் சந்திப்பீர்கள். ‘எலிகளை’ ஒழித்து வரும்படி அவர் கேட்பதைச் செய்து முடித்துத் திரும்பினால் அஷினாச் சுவடி கிடைக்கும். நேருக்கு நேர் வாள் மோத விரும்புபவர்களுக்கு இதுவே மூலதனம். இதிலுள்ள இச்சிமொன்ஜி என்ற ஓங்கி வெட்டும் முறை, எதிரியின் நிதானத்தை உடைப்பதோடு உங்கள் நிதானத்தையும் மீட்டுத் தருவதால், முதன்முதலில் பூட்டிக்கொள்ள வேண்டிய சிறப்பு வெட்டு இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். சுழல் வெட்டுக்குப் புள்ளியைக் கொடுக்காமல் காத்திருக்கச் சொன்னதும் இதற்காகத்தான். தட்டிவிடும் ஒவ்வொரு முறையும் எதிரிக்குக் கூடுதல் நிதான இழப்பை ஏற்படுத்தும் ‘அசென்டிங் கார்ப்’ திறனும் இச்சுவடியிலேயே உண்டு. வாள்வீரர்களான தலைவர்களிடம் அதன் பயன் நன்றாகத் தெரியும்.

செயற்கைக் கைக்கான சுவடியைச் சிற்பியே தருவார். மூன்று கருவிகளை அவரிடம் கொடுத்துப் பொருத்தியிருக்க வேண்டும். எறிவளையம், ஹிராட்டா மாளிகையில் கிடைக்கும் தீக்குழல், அஷினா வெளிப்புறத்தில் இருக்கும் வணிகரிடம் 500 சென்னுக்கு வாங்கக்கூடிய வெடி ஆகிய மூன்றும் ஆரம்பத்திலேயே கைக்கு வருவன. எறிவளையத்தை எறிந்த கையோடு எதிரியை நோக்கிப் பாய்ந்து வெட்டும் திறன் இச்சுவடியில் எனக்குப் பிடித்தது. மற்றவை, கருவிகளை அதிகம் பயன்படுத்துபவர்களுக்கே பொருந்தும். சென்போ கோயிலில் கிடைக்கும் சுவடியில் காசையும் பொருளையும் கூடுதலாகத் தரும் திறன் உண்டு. பொருட் தட்டுப்பாடு உள்ளவர்கள் அதை எடுக்கலாம், அவசரமில்லை.

சென் காசு பற்றியும் ஒரு வார்த்தை. அது அனுபவப் பட்டையுடன் சேர்ந்தே பாதியாகும். அதைத் தடுக்க வணிகர்களிடம் காசுப்பை வாங்கி வைக்கலாம். 110 சென் கொடுத்தால் 100 சென் அடங்கிய சிறிய பை கிடைக்கும், இறந்தாலும் பை உங்களிடமே இருக்கும். பத்துச் சென் இழப்புத்தான், ஆனால் பாதி போவதோடு ஒப்பிட்டால் அது பொருட்டல்ல. தலைவரிடம் போவதற்கு முன் பட்டையைப் புள்ளியாக்குவதும் காசைப் பையாக்குவதும் சேர்த்துச் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள். ‘அன்சீன் எய்ட்’ என்ற கண்காணா உதவி 30 சதவீத வாய்ப்பில் இந்த இழப்பைத் தடுக்கும் என்றாலும், நீங்கள் அடிக்கடி இறந்து டிராகன்ரொட் நோய் ஊரில் பரவப் பரவ அந்தச் சதவீதம் குறைந்துகொண்டே போகும். அதை நம்பிப் பட்டையை ஆபத்தில் வைக்காதீர்கள்.

ஆட்டத்தின் பிற்பகுதியில் மூன்று முகமூடித் துண்டுகளையும் சேர்த்துவிட்டால், ஐந்து திறன் புள்ளிகளைக் கொடுத்து ஒரு படி தாக்குதல் வலிமையைப் பெறும் வசதி திறக்கும். அதுவரை புள்ளிக்கும் வலிமைக்கும் இல்லாத தொடர்பு அப்போது உண்டாகிறது. அதற்காக அடிப்படைத் திறன்களை வாங்காமல் புள்ளியை ஒதுக்கிவைக்க வேண்டாம். அந்த நிலையில் ஒரு புள்ளியே நிறைய அனுபவத்தைக் கேட்கும் என்பதால் ஐந்து சேர்ப்பது பெரிய உழைப்பு. கதையை ஒருமுறை முடித்து மறுசுற்றைத் தொடங்கினால் வாங்கிய திறன்கள் அனைத்தும் உங்களோடு வரும், எதிரிகளும் கூடுதல் அனுபவம் தருவார்கள். எல்லாத் திறன்களையும் வாங்கி முடித்து அதற்குரிய விருதைப் பெற விரும்புபவர்கள் முதற்சுற்றிலேயே அரைத்துக் களைக்காமல், மிச்சத்தை மறுசுற்றுக்கு விட்டுவிடலாம்.